தீப்பெட்டியில் தொடங்கி நாக்பூர் லைசென்ஸ் வரை: அய்ய நாடார் கொண்டுவந்த தொழிலும் அதைத் துரத்திவந்த விதிகளும்

விருதுநகர் மாவட்டத்தில் பட்டாசு ஆலை விபத்து நடக்கும் ஒவ்வொரு முறையும் செய்திகளில் சில வார்த்தைகள் திரும்பத் திரும்ப வரும். நாக்பூர் உரிமம் பெற்ற ஆலை. அறையில் அனுமதித்ததைவிட அதிகம் பேர் இருந்தனர். உள்குத்தகைக்கு விடப்பட்டிருந்தது. போர்மேன் கைது. நாமும் படித்துவிட்டு அடுத்த செய்திக்குப் போய்விடுகிறோம்.

ஆனா இதுக்கெல்லாம் என்ன அர்த்தம்? ஒரு அறைக்கு இத்தனை பேர்தான் என்று ஏன் கணக்கு? சிவகாசிக்குப் பக்கத்தில் இருக்கிற ஆலைக்கு நாக்பூரில் எதுக்கு லைசென்ஸ்?

விதிப் புத்தகத்தை முதல் பக்கத்திலிருந்து புரட்டினால் தூக்கம்தான் வரும். இந்தத் தொழிலை இந்த ஊருக்குக் கொண்டுவந்த ஒருவரின் வாழ்க்கையோடு சேர்த்துப் பார்த்தால் விஷயம் பிடிபடும். அவர் பி. அய்ய நாடார். சிவகாசிக்காரர்களுக்கு அறிமுகமே தேவையில்லாத பெயர். மற்றவர்களுக்கு அந்தப் பெயர் ஒரு கல்லூரியின் பெயர்ப்பலகையாக மட்டும் தெரிந்திருக்கலாம்.

மழை பெய்யாத ஊர்

அய்ய நாடார் பிறந்தது 1905. அதற்கு 6 ஆண்டுகளுக்கு முன்பு, 1899-ல்தான் சிவகாசிக் கலவரம் நடந்து ஊரின் வீடுகள் எரிந்தன. அந்தச் சூட்டிலிருந்து எழுந்து வந்த வணிகச் சமூகம், உறவின்முறை அமைப்பையும் மகமை நிதியையும் வைத்துப் பள்ளிக்கூடம், சந்தை என்று ஒவ்வொன்றாகக் கட்டிக்கொண்டிருந்தது. பக்கத்தில் இருக்கிற விருதுபட்டியில், அதாவது இன்றைய விருதுநகரில், 1903-ல் பிறந்த காமராஜரும் ஏறக்குறைய இதே சூழலில் வளர்ந்தவர்தான்.

விவசாயத்தை நம்ப முடியாத பூமி. மழை குறைவு. கரிசல் காட்டில் வெள்ளாமை ஒரு வருஷம் வரும், ரெண்டு வருஷம் வராது. வியாபாரம் இல்லைன்னா பிழைப்பு இல்லை என்கிற நிலை. இந்த வறண்ட காற்றும் விலை மலிவான நிலமும்தான் பின்னாடி தொழிலுக்குக் கைகொடுத்தன. அது எப்படி என்பதை 1940-க்கு வரும்போது பார்ப்போம்.

கல்கத்தா போன இரண்டு பேர்

1922-ல் அய்ய நாடாரும் அவருடைய உறவுமுறைச் சகோதரர் அ. சண்முக நாடாரும் கல்கத்தாவுக்குக் கிளம்பினார்கள். இருவரும் இளைஞர்கள். போனது தீப்பெட்டி செய்யக் கற்றுக்கொள்ள.

ஏன் கல்கத்தா? 1910 வாக்கில் அங்கே குடியேறிய ஜப்பானியக் குடும்பங்கள் சின்னச் சின்ன இயந்திரங்களையும் கைவேலையையும் வைத்துத் தீப்பெட்டி செய்ய ஆரம்பித்திருந்தன. உள்ளூர்க்காரர்களும் அதைக் கற்றுக்கொண்டார்கள். ஏன் 1922? அந்த ஆண்டு பிரிட்டிஷ் இந்திய அரசு இறக்குமதித் தீப்பெட்டி மீதான வரியை ஒரு குரோஸுக்கு ஒன்றரை ரூபாயாக உயர்த்தியது. ஒரு குரோஸ் என்றால் 144 பெட்டி. ஸ்வீடனிலிருந்தும் ஜப்பானிலிருந்தும் கப்பலில் வந்திறங்கிய தீப்பெட்டி விலை ஏறியது. உள்நாட்டில் செய்தால் லாபம் வரும் என்ற நிலை பிறந்தது. சிவகாசி தீப்பெட்டித் தொழிலின் தொடக்கப் புள்ளியே ஒரு அரசு ஆணைதான். இதைக் கொஞ்சம் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

அவர்கள் கற்றது எந்த மாதிரித் தீப்பெட்டி என்பதும் முக்கியம். பழைய தீக்குச்சிகளில் வெள்ளைப் பாஸ்பரஸ் இருந்தது. எங்கே உரசினாலும் பற்றிக்கொள்ளும். அதன் புகையைச் சுவாசித்த தொழிலாளர்களுக்குத் தாடை எலும்பே அழுகிப்போகும் நோய் வந்தது. ஐரோப்பிய நாடுகள் ஒவ்வொன்றாகத் தடை செய்தன. இந்தியாவிலும் 1913-ல் வெள்ளைப் பாஸ்பரஸ் தீப்பெட்டித் தடைச் சட்டம் வந்தது. மிஞ்சியது பாதுகாப்புத் தீப்பெட்டி.

அதன் சூட்சுமம் ரொம்ப எளிமையானது. குச்சியின் தலையில் பொட்டாசியம் குளோரேட் கலந்த மருந்து. பெட்டியின் பக்கவாட்டில் சிவப்புப் பாஸ்பரஸ். ரெண்டும் சேர்ந்தால்தான் நெருப்பு. அதனால் ரெண்டையும் பிரித்து, ஒன்றைக் குச்சியிலும் மற்றொன்றைப் பெட்டியிலும் வைத்துவிட்டார்கள். நாம் உரசும் அந்த ஒரு நொடிதான் அவை சந்திக்கின்றன.

ஆபத்தானதைப் பிரித்து வை. தீப்பெட்டியில் அய்ய நாடார் கற்ற இந்த முதல் பாடம்தான் இன்றைய பட்டாசு ஆலை விதிகள் அத்தனைக்கும் அடிப்படை.

கல்கத்தாவில் பூர்ண சந்திர ராய் என்பவரின் தொழிற்சாலையில் சில மாதங்கள் வேலை பழகிவிட்டு, 1923-ல் ஊர் திரும்பித் தொழிலைத் தொடங்கினார்கள். ஜெர்மனியிலிருந்து இயந்திரம் வரவழைத்துப் பார்த்தார்கள், கட்டுப்படியாகவில்லை. கைவேலைக்கே மாறினார்கள். குச்சி அடுக்குவது, மருந்தில் முக்குவது, பெட்டி ஒட்டுவது என்று வேலை வீடு வீடாகப் பரவியது. கொஞ்ச காலத்தில் இருவரும் தனித்தனியே தொழில் நடத்தினார்கள். அய்ய நாடாருடையது அணில் மார்க். சண்முக நாடாருடையது காக்கா மார்க். அந்தப் பெயர் எவ்வளவு ஒட்டிக்கொண்டது என்றால், இன்னிக்கும் ஊரில் அவரைக் காக்கா சண்முக நாடார் என்றுதான் சொல்கிறார்கள்.

தீப்பெட்டிக்கு லேபிள் வேண்டும், லேபிளுக்கு அச்சகம் வேண்டும். சிவகாசியின் அச்சுத் தொழில் பிறந்த கதை அது. அதைத் தனியாகத்தான் எழுத வேண்டும்.

ஒவ்வொரு பெட்டியையும் எண்ணிய அரசு

1934-ல் தீப்பெட்டிக்கு உற்பத்தி வரி வந்தது. வரி கட்டியதற்கு அடையாளமாக ஒவ்வொரு பெட்டியிலும் அரசு கொடுக்கும் காகிதப் பட்டை ஒட்டப்பட வேண்டும். இதற்குப் பெயர் பேண்ட்ரோல். பட்டை இல்லாத பெட்டி கள்ளப் பெட்டி. சிகரெட் பெட்டி அளவுகூட இல்லாத ஒரு பொருளுக்கு, ஒவ்வொன்றாகக் கணக்கு.

இந்த வரி சிவகாசிக்கு இரண்டு விஷயங்களைப் பழக்கியது. ஒன்று, அரசின் கணக்கோடு சேர்ந்து தொழில் நடத்துவது. இன்னொன்று, அந்தக் கணக்கு எங்கே வளையும் என்று தெரிந்துகொள்வது. பிற்காலத்தில் சின்ன யூனிட்டுகளுக்குக் குறைந்த வரி என்று அரசு சலுகை தந்தது. நோக்கம் நல்லதுதான், ஸ்வீடன் கம்பெனியின் விம்கோவோடு குடிசைத் தொழில் போட்டி போட வேண்டுமே. ஆனால் நடந்தது என்ன? சலுகைக்காகவே யூனிட்டுகள் சின்னச் சின்னதாகப் பிரிந்தன. ஒரு விதியை எழுதும் விதம் ஆலையின் உருவத்தையே மாற்றிவிடும். பட்டாசுக்கு வரும்போது இது உயிர்ப் பிரச்சினை ஆகிவிடுகிறது.

1940: தடையா, கதவா?

வெடிபொருளுக்கு இந்தியாவில் முதலில் வந்த பெரிய சட்டம் 1884-ம் ஆண்டின் இந்திய வெடிபொருள் சட்டம். பிரிட்டனில் 1875-ல் கொண்டுவந்த சட்டத்தை ஒட்டியது. துப்பாக்கி மருந்திலிருந்து வாணவேடிக்கை வரைக்கும் ஒரே கூரைக்குள் வைத்த சட்டம். தீபாவளிக்குக் குழந்தை கொளுத்தும் கம்பி மத்தாப்பும் குவாரியில் பாறை உடைக்கிற வெடியும் சட்டத்தின் கண்ணில் ஒரே குடும்பம் என்பது கேட்கவே விநோதமாக இருக்கும். ஆனா வேதியியல் அப்படித்தான் சொல்கிறது.

அந்தச் சட்டத்தின் கீழ் 1940-ல் புதிய வெடிபொருள் விதிகள் வந்தன. பட்டாசு செய்ய, வைத்திருக்க, விற்க, ஏற்றிச் செல்ல, ஒவ்வொன்றுக்கும் உரிமம். கோயில் திருவிழாவுக்கு வாணம் கட்டிக்கொடுத்த பரம்பரைக் கைவினைக்காரர்களுக்கு இது பெரிய தடை. அதே விதி, முதல் போட்டு, வரைபடம் காட்டி, இடம் ஒதுக்கி ஆலை கட்டத் தயாராக இருந்தவர்களுக்குக் கதவாக ஆகிவிட்டது. அதே நேரத்தில் இரண்டாம் உலகப் போர் வந்து இறக்குமதிப் பட்டாசும் நின்றுபோனது.

தீப்பெட்டிக்காரர்கள் இந்தக் கதவு வழியாக உள்ளே போனார்கள். அய்ய நாடார், சண்முக நாடார் குடும்பங்கள் பட்டாசுக்கு வந்தன; 1942-ல் ஸ்டாண்டர்டு பயர்ஒர்க்ஸ் தொடங்கப்பட்டது. குளோரேட்டைக் கையாளத் தெரிந்த கைகள் ஏற்கெனவே ஊர் முழுக்க இருந்தன. அதிகாரியோடு பேசி, படிவம் நிரப்பி, பதிவேடு எழுதப் பழகிய கணக்குப்பிள்ளைகளும் இருந்தார்கள்.

மூன்றாவதாக இருந்ததுதான் நிலம். பட்டாசு உரிமத்துக்கு முதலில் தேவைப்படுவது இடைவெளி. அறைக்கும் அறைக்கும் நடுவே, ஆலைக்கும் ஊருக்கும் நடுவே வெறும் இடம் விட வேண்டும். நெல் விளைகிற தஞ்சாவூரில் யாராவது இப்படி நிலத்தைச் சும்மா போடுவார்களா? எதுவும் விளையாத கரிசல் காட்டில் போடலாம். மழை இல்லாததால் மருந்து காயும் என்பதை மட்டும்தான் எல்லாரும் சொல்வார்கள். இடைவெளி விடக் கட்டுப்படியான பூமி என்பதும் அதே அளவு முக்கியமான காரணம் என்று எனக்குத் தோன்றுகிறது.

சரி, அந்த நாக்பூர் லைசென்ஸ்?

1940 விதிகள் 1983-ல் மாற்றப்பட்டன. இப்போது நடப்பில் இருப்பவை 2008-ம் ஆண்டின் விதிகள். உடம்பு மாறினாலும் எலும்புக்கூடு பழையதுதான்.

ஒரே நேரத்தில் 15 கிலோ வரை மருந்தை வைத்துப் பட்டாசு செய்ய மாவட்ட நிர்வாகமே உரிமம் தரலாம். ஊரில் இதை டிஆர்ஓ லைசென்ஸ் என்பார்கள். அதற்கு மேல் 500 கிலோ வரை என்றால், பெசோ எனப்படும் மத்திய அரசின் பெட்ரோலியம் மற்றும் வெடிபொருள் பாதுகாப்பு அமைப்பின் கட்டுப்பாட்டு அதிகாரியிடம் போக வேண்டும். பேச்சு வழக்கில் சென்னை லைசென்ஸ். அதையும் தாண்டினால் தலைமைக் கட்டுப்பாட்டு அதிகாரி. அவருடைய தலைமையகம் நாக்பூரில் இருக்கிறது. ஆக, நாக்பூர் லைசென்ஸ் என்றால் பெரிய ஆலை என்று எடுத்துக்கொள்ளலாம். பாதுகாப்பான ஆலை என்று அர்த்தம் இல்லை.

உள்ளே என்ன விதி? ஒவ்வொரு வேலைக்கும் தனி அறை. மருந்து கலக்கும் அறையில் திரி வைக்கக் கூடாது. மருந்து அடைக்கும் அறையில் முடிந்த சரக்கை அடுக்கி வைக்கக் கூடாது. ஒரு அறையில் 4 பேருக்கு மேல் இருக்கக் கூடாது. இத்தனை கிலோ, இத்தனை ஆள் என்று ஒவ்வொரு அறையின் வெளியிலும் எழுதியிருக்க வேண்டும். கதவுகள் வெளிப்பக்கம் திறக்க வேண்டும். இரும்புக் கருவி கூடாது, பொறி பறக்கும், மரமோ பித்தளையோதான். உடம்பில் இருக்கும் நிலைமின்சாரம்கூட மருந்தைப் பற்றவைத்துவிடும் என்பதால் உள்ளே நுழையும்போது செம்புத் தகட்டைத் தொட்டுவிட்டுப் போக வேண்டும். கலவை வேலையை வெயில் ஏறுவதற்கு முன்பே முடித்துவிட வேண்டும் என்பது அனுபவஸ்தர்கள் கறாராகச் சொல்வது.

ஒரு விஷயத்தைக் கவனிங்க. இந்த விதிகள் எதுவும் விபத்தே நடக்காது என்று நம்பி எழுதப்பட்டவை இல்லை. விபத்து நடக்கும் என்று வைத்துக்கொண்டே எழுதப்பட்டவை. ஒரு அறை வெடித்தால் அந்த அறையோடு போகட்டும், பக்கத்து அறைக்குத் தாவக் கூடாது. 4 என்ற எண்ணின் அர்த்தம் அதுதான். அது ஒரு அறைக்கு அதிகபட்சமாக எத்தனை உயிர் என்ற கணக்கு. இதைப் புரிந்துகொண்ட பிறகு, அறையில் 10 பேர் இருந்தனர் என்ற செய்தியைப் பழையபடி படிக்க முடியாது.

நகராட்சி, கல்லூரி

தொழில் வளர வளர அய்ய நாடாரின் பெயரும் ஊருக்குள் வளர்ந்தது. சிவகாசி நகராட்சித் தலைவராக இருந்தார். 1963-ல் அய்ய நாடார் ஜானகி அம்மாள் கல்லூரி தொடங்கப்பட்டது. தீப்பெட்டி ஒட்டிய குடும்பங்களிலிருந்து முதல் தலைமுறைப் பட்டதாரிகள் பலர் அங்கிருந்து வெளியே வந்தார்கள். குட்டி ஜப்பான் என்று நேரு சொன்னதாக ஊரில் பெருமையாகச் சொல்லப்படும் பட்டப்பெயருக்குப் பின்னால் இந்தத் தலைமுறையின் உழைப்பு இருக்கிறது.

ஆனா வாழ்க்கை வரலாறுகள் வழக்கமாக இந்த இடத்தில் மாலை போட்டு முடித்துவிடும். அந்த உழைப்பில் குழந்தைகளின் கைகளும் இருந்தன. விடியும் முன்பே கிராமத்துக்கு வந்து பிள்ளைகளை ஏற்றிப்போன பஸ்கள் இந்த வட்டாரத்தில் பலருக்கு இன்னும் நினைவில் இருக்கும். இது ஒரு முதலாளியின் தவறு என்று சுருக்கிவிட முடியாது. கைவேலையை அடிப்படையாகக் கொண்டு, பீஸ் கணக்கில் கூலி கொடுத்து, போட்டி போட்டு விலை குறைத்த ஒரு தொழில் முழுவதும் அப்படித்தான் நின்றது. எம்.சி. மேத்தா தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் 1990-லும் 1996-லும் தீர்ப்பு சொன்ன பிறகுதான் நிலைமை மெல்ல மாறியது. 1996 தீர்ப்பு, குழந்தையை வேலைக்கு வைத்தவர் ஒரு குழந்தைக்கு 20,000 ரூபாய் வீதம் நல நிதிக்குக் கட்ட வேண்டும் என்றது.

வெடிபொருள் விதியும் தொழிற்சாலைச் சட்டமும் பல ஆண்டுகளாக இருந்தும் குழந்தைகள் உள்ளே இருந்தார்கள். காகிதத்தில் பதிவேடு சரியாக இருப்பதும் அறைக்குள் நடப்பதும் வேறு வேறு என்பதற்கு இதைவிடப் பெரிய உதாரணம் தேவையில்லை.

விதி எங்கே உடைகிறது?

அய்ய நாடாரின் காலத்துக்குப் பிறகு விதிகள் கூடிக்கொண்டேதான் வந்தன. 1992-ல் பட்டாசில் கந்தகத்தோடு குளோரேட் கலப்பது தடை செய்யப்பட்டது. அந்தக் கலவை லேசான உரசலுக்கே வெடிக்கும். 1999-ல் சத்த அளவுக்கு வரம்பு வந்தது: வெடிக்கும் இடத்திலிருந்து 4 மீட்டர் தூரத்தில் 125 டெசிபலைத் தாண்டக் கூடாது. 2018 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் சரவெடிக்கும், ஊரில் பச்சை உப்பு எனப்படும் பேரியம் நைட்ரேட்டுக்கும் தடை சொன்னது. பசுமைப் பட்டாசுக்கு நீரி நிறுவனம் சூத்திரம் கொடுத்தது.

இவ்வளவு விதி இருந்தும் ஏன் சாவு?

2012 செப்டம்பர் 5, முதலிப்பட்டி. சுமார் 40 பேர் இறந்தார்கள். அவர்களில் பலர் ஆலைத் தொழிலாளர்களே இல்லை. முதல் வெடிப்பைப் பார்த்துவிட்டு உதவ ஓடிவந்த பக்கத்து ஊர்க்காரர்கள். 2021 பிப்ரவரி 12, அச்சங்குளம். 20-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். அங்கே ஒரே ஆலையின் அறைகள் பலருக்கு உள்குத்தகைக்கு விடப்பட்டிருந்தது பிறகு தெரிந்தது.

உள்குத்தகை என்பது இதுதான். உரிமம் ஒருவர் பெயரில். அவர் ஆலையின் அறைகளைப் பிரித்து, ஒரு வருஷத்துக்கோ ஒரு சீசனுக்கோ வேறு சிலருக்கு விடுகிறார். குத்தகை எடுத்தவருக்கு உரிமம் கிடையாது, ஆலையும் அவருடையது இல்லை. கொடுத்த பணத்தைத் தீபாவளிக்குள் எடுத்தாக வேண்டும். அவரிடம் 4 அறை இருந்தால் விதிப்படி 16 பேர்தான். அவருக்கு 40 பேர் வேண்டும். மீதிப் பேர் அறையில் நெருக்கி உட்காருவார்கள், இல்லையென்றால் அறைகளுக்கு நடுவே மரத்தடியில். பாதுகாப்புக்காகக் காலியாக விட்ட அந்த இடைவெளி வேலையிடமாக மாறிவிடுகிறது. ஒரு பக்கம் பொறி பறந்தால் அடுத்த அறைக்குப் போக அதுவே பாலம்.

பிரித்து வைக்க வேண்டிய சரக்கை ஒன்றாகக் குவித்து, ஒன்றாக இருக்க வேண்டிய பொறுப்பைப் பலருக்குப் பிரித்துக் கொடுத்தாயிற்று. தீப்பெட்டியில் சலுகைக்காக யூனிட் பிரிந்த கதையின் மோசமான மறுபதிப்பு இது.

ஆரம்பக் காலத்தில் முதலாளியே ஆலையில் நின்றார், அதனால் விபத்தே இல்லை என்று சிலர் சொல்வதுண்டு. அதை அப்படியே ஏற்க முடியாது. விபத்துகள் எப்போதும் இருந்தன. ஆனால் அப்போது உரிமத்தில் இருந்த பெயரும் கூலி கொடுத்த கையும் ஒரே ஆளுடையதாக இருந்தது. ஏதாவது நடந்தால் யாரைக் கேட்பது என்பதில் குழப்பம் இல்லை. இன்று விபத்து நடந்தால் முதலில் சிறைக்குப் போவது பெரும்பாலும் போர்மேனும் சூப்பர்வைசரும்தான்.

தண்டனை எவ்வளவு?

வெடிபொருள் உரிமத்தை இன்னொருவருக்கு மாற்றிக் கொடுக்க விதிகளில் இடமில்லை. உள்குத்தகை தெரியவந்தால் உரிமத்தை ரத்து செய்யலாம். சிவகாசியிலேயே பெசோவின் அலுவலகம் இருக்கிறது, தொழிலாளர்களுக்கும் போர்மேன்களுக்கும் பயிற்சியும் நடக்கிறது. ஆய்வுக்குழு வரும் நாளில் மரத்தடி காலியாக இருக்கும் என்பதும் இந்தப் பகுதியில் எல்லாருக்கும் தெரிந்த சங்கதி.

விதியை மீறிப் பட்டாசு தயாரித்தால் 1884-ம் ஆண்டுச் சட்டத்தின் 9பி பிரிவின்படி அதிகபட்சம் 3 ஆண்டு சிறை, அல்லது அபராதம், அல்லது இரண்டும். அந்த அபராதத்தின் உச்சவரம்பு 5,000 ரூபாய். இந்தச் சட்டத்துக்கு மாற்றாகப் புதிய வரைவு ஒன்றை மத்திய அரசு 2024-ல் பொதுக் கருத்துக்கு வெளியிட்டது. இந்தத் தீபாவளிக்கு நீங்கள் வாங்கும் ஒரு நடுத்தர கிஃப்ட் பாக்ஸ் இரண்டு, மூன்றின் விலையே அந்த 5,000 ரூபாயைத் தொட்டுவிடும்.